கேள்வி கேட்கும் பிள்ளை

“பிள்ளைகளுக்கு உரிமை, சுதந்திரம் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்காதீர்கள், ஃபாதர். அப்புறம் நம் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.” பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது இச்சொற்களை நான் எத்தனையோ முறை கேட்டதுண்டு. இவ்வாறு சொல்பவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அதிகாலையில் தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடித்துக் கடற்கரை வரை சென்று, இரவு எட்டு மணிக்கு மேல் வீடு திரும்பும் தந்தையர். சானடோரியத்து ஏற்றுமதி வளாகத்தில் நாள் முழுவதும் உழைத்துவிட்டு நேரே அடுப்படிக்குள் நுழையும் அன்னையர். வீட்டில் சிறிது அமைதி நிலவ வேண்டுமென்று அவர்கள் விரும்புவதில் குற்றமில்லை. ஏற்கெனவே அடம் பிடிக்கும் பிள்ளைக்கு அரசியல் சட்டமும் துணைக்கு வந்துவிட்டால் என் செய்வது என்பதே அவர்களது அச்சம்.

அந்த அச்சத்தை எள்ளி நகையாடாமல் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

“முதலில் கடமையைச் சொல்லுங்கள், பிறகு உரிமையைப் பேசலாம்” என்பார் சிலர். 1963-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் உலக அமைதியைப் பற்றி விடுத்த சுற்றுமடலை எடுத்துப் பாருங்கள். வாழும் உரிமை, உண்மையை அறியும் உரிமை, மனச்சான்றின்படி இறைவனை வழிபடும் உரிமை, வேலை பெறும் உரிமை, சங்கம் சேரும் உரிமை என்று வரிசையாக உரிமைகளைக் கூறி முடித்த பின்னரே அவர் கடமைகளுக்கு வருகின்றார். நமது அரசியல் சட்டத்தின் வரலாறும் ஏறத்தாழ இதுவே. 1950 சனவரி 26-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தபோது அடிப்படை உரிமைகள் அதில் இருந்தன. அடிப்படைக் கடமைகள் என்ற தனிப் பகுதி 1976-இல், அதுவும் நெருக்கடி நிலைக் காலத்தில்தான் சேர்க்கப்பட்டது. அக்கடமைகளுள் ஒன்று, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள தம் பிள்ளைகளுக்குக் கல்வி பெறும் வாய்ப்பை அளிக்க வேண்டும் என்பது. 2002-இல் சேர்க்கப்பட்ட இக்கடமை பிள்ளைகள்மீது சுமத்தப்பட்டதன்று, பெற்றோராகிய உங்கள்மீது சுமத்தப்பட்டது! கடமையை முதலில் கற்பிக்க வேண்டும் என்போர் இதிலிருந்தே தொடங்கலாமே.

பள்ளிகளில் குடிமையியல் கற்பிக்கப்படாமல் இல்லை. ஆனால் எப்படிக் கற்பிக்கப்படுகிறது? “அடிப்படை உரிமைகள் யாவை?” என்பது ஐந்து மதிப்பெண் வினா. சமத்துவ உரிமை, சுதந்திர உரிமை, சுரண்டலுக்கு எதிரான உரிமை, சமய உரிமை, பண்பாட்டு கல்வி உரிமை, தீர்வு காணும் உரிமை என்று ஆறையும் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டால் முழு மதிப்பெண். தேர்வு முடிந்த மறுநாள் அந்த ஆறும் பறந்து போகின்றன. வேடிக்கை ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் எழுபது வயதுக்கு மேற்பட்ட தாத்தா இருந்தால், பள்ளியில் அவர் எத்தனை உரிமைகளைப் படித்தார் என்று பேரனை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவர் ஏழு என்பார். பேரன் ஆறு என்பான். இருவர் சொல்வதும் சரியே. சொத்துரிமை அக்காலத்தில் ஏழாவதாக இருந்தது. 1978-இல் நிறைவேறிய 44-ஆம் திருத்தம் அதை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஏழு எப்படி ஆறாயிற்று என்று பிள்ளை கேட்கும் அந்தக் கணத்திலேயே குடிமையியல் பாடம் உயிர் பெறுகிறது. சட்டம் வானத்திலிருந்து கற்பலகையில் இறங்கியதன்று, மனிதர் கூடி இயற்றுவது, திருத்துவது என்பது அவனுக்கு விளங்கிவிடுகிறது.

இன்னொன்று. டெல்லியில் எங்கோ எழுதி வைத்த நூல் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அரசியல் சட்டத்தைப் பற்றிய மிகப் பழைய வழக்குகளின் பெயர்களை அவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள். அவற்றுள் பலவற்றில் ‘சென்னை மாநிலம்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஏடு தன் எல்லைக்குள் நுழையலாகாது என்று சென்னை அரசு 1950 மார்ச்சில் தடை விதித்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். மே மாதத்தில் தடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. எழுதும் உரிமை என்றால் எழுதியதைப் பிறரிடம் கொண்டு சேர்க்கும் உரிமையும் அதனுள் அடக்கம் என்று நீதிபதிகள் கூறினர். அதே மாதத்தில்தான் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் சென்னை மாநிலத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. அவருக்கு விடுதலை கிட்டவில்லை. ஆயினும் தனிமனிதனின் சுதந்திரத்தைப் பற்றி அன்று நீதிமன்றம் கொண்ட குறுகிய பார்வையை 1978-இல் மேனகா காந்தி வழக்கில் அதே நீதிமன்றம் விரிவாக்கியது. தோற்ற வழக்கும் பாடம்தான்.

1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கு. மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் வகுப்புவாரியாக இடங்களைப் பங்கிட்ட சென்னை அரசின் ஆணை சமத்துவத்துக்கு மாறானது என்று தள்ளப்பட்டது. தமிழகத்தில் பெரும் கிளர்ச்சி எழுந்தது; பெரியார் அதன் முன்னணியில் நின்றார். அதே ஆண்டு சூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. கல்வியிலும் சமுதாயத்திலும் பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு உரிமை உண்டு என்னும் விதி பிறந்தது. சமமல்லாதவர்களைச் சமமாக நடத்துவது சமத்துவமாகுமா? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இக்கேள்வியைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் அண்ணனுக்கும் கைக்குழந்தைக்கும் அம்மா ஒரே அளவு சோறு போடுவதில்லை என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

நூலை மூடிவிட்டுத் தெருவிலேயே பாடத்தை நடத்தவும் நமக்கு வாய்ப்பு உண்டு. தாம்பரம் ரயில் நிலையத்தில் பையும் வாளியுமாக வந்திறங்கும் வடநாட்டு இளைஞர்களைப் பாருங்கள். நம் புறநகர்களில் எழும்பும் அடுக்குமாடி வீடுகளில் அவர்கள் கை படாத கட்டடம் அரிது. “இவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள்?” என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர். இந்திய நாட்டின் எப்பகுதிக்கும் சென்று வரவும், எங்கும் குடியிருக்கவும் குடிமகனுக்கு உரிமை உண்டு என்கிறது 19-ஆம் பிரிவு. நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்குப் போய்த் தாராவியில் குடியேறிய நம் உறவினர்கள் எத்தனை பேர்! 1960-களின் பிற்பகுதியில் தென்னாட்டார் வெளியேற வேண்டும் என்று அங்குக் கிளர்ச்சி எழுந்தபோது அவர்களுக்கு அரணாக நின்ற பிரிவும் இதே 19-ஆம் பிரிவன்றோ? வீட்டுத் திண்ணையில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பாடம் இது. ஆசிரியர் தேவையில்லை.

பெற்றோரின் அச்சத்துக்கு மீண்டும் வருவோம். அந்த அச்சத்துக்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. உரிமையைக் கற்ற பிள்ளை, அந்த அளவுகோலைத் தூரத்து அரசாங்கத்தின்மீது மட்டும் வைத்துப் பார்க்காது. வீட்டின்மீதும், பள்ளியின்மீதும், கோவிலின்மீதும் வைத்துப் பார்க்கும்.

பிரம்பை எடுத்துக்கொள்வோம். தமிழக அரசு 2003-இல் கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளிகளில் உடல் தண்டனையை விலக்கியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை நோகடிப்பதையும் சேர்த்துத் தடை செய்தது. பின்னர் 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அக்கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்று பெரிய அமர்வு ஆராய வேண்டும் என 2025-இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் இருவர் கூறியுள்ளனர். அது தனிக் கதை. என் மனத்தை உறுத்துவது வேறு. அச்சட்டம் நம் பள்ளிகளைக் கட்டாது என்று கேட்டபோது, சேர்க்கையில் நமக்குள்ள உரிமை காப்பாற்றப்பட்டது என்று மகிழ்ந்தோம், சரி. அச்சட்டத்தின் பிள்ளைகளைக் காக்கும் விதிகளையும் கடன்காரனின் நோட்டீசைப் போல ஒதுக்கித் தள்ளலாமா? சட்டம் கேட்கிறதோ இல்லையோ, ‘அடிப்பது சரியா?’ என்று பிள்ளை கேட்டால், ‘எங்களுக்கு விலக்கு இருக்கிறது’ என்பதா விடை? அடித்துத் திருத்திய ஆசிரியர்களை நன்றியோடு நினைவுகூர்வோர் இவ்விதழின் வாசகரில் பலர் இருப்பீர்கள். நானும் அடிபட்டுப் படித்தவன்தான். அந்த ஆசிரியர்களிடம் நான் கற்றது அவர்கள் அடித்ததால் அன்று, அவர்கள் அறிந்திருந்ததால் என்றே இப்போது நினைக்கின்றேன்.

தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவு இதனினும் கூர்மையானது. ஏனைய உரிமைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதேனும் ஒரு வரம்பு உண்டு. இதற்கு வரம்பே இல்லை. பெரும்பாலான உரிமைகள் அரசைத்தான் கட்டும்; இதுவோ உங்களையும் என்னையும் நேரடியாகக் கட்டுகிறது. தீண்டாமை பாவம், குற்றம், மனிதத் தன்மையற்ற செயல் என்ற அறிவிப்பைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நெடுங்காலம் தம் முன்பக்கங்களில் தாங்கி வந்தன. அப்பக்கத்தைத் திருப்பிவிட்டுப் பாடத்துக்குப் போனவர்களே நம்மில் அதிகம். விளைவு? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது; மாணவர்கள் சாதி அடையாளமாக மணிக்கட்டில் வண்ணக் கயிறுகள் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கயிற்றை அறுத்துவிடலாம். அதைக் கட்டிவிட்ட கை வீட்டில் அல்லவா இருக்கிறது?

நம் வீட்டிலும்தான். 1950 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதியினர்க்குரிய உரிமைகளை மறுத்தது. பின்னர் 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் வழி திறந்தது, நம்மவர்க்குத் திறக்கவில்லை. அது நீக்கப்பட வேண்டும் என்று கேட்கிறோம், ஊர்வலம் போகிறோம், போகத்தான் வேண்டும். ஆனால் திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாடு இருக்கிறது என்று இந்திய ஆயர்கள் 2016 திசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டுள்ளனர். சொந்த ஊர் சென்று திரும்பிய ஒரு சிறுவன் என்னிடம் கேட்டான்: “ஃபாதர், எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஏன் சுவர் இருக்கிறது?” அவனுக்கு வயது பதினொன்று. பள்ளியில் 17-ஆம் பிரிவை அப்போதுதான் படித்திருந்தான். இப்படிப்பட்ட கேள்விக்கு அஞ்சித்தான் நாம் உரிமைக் கல்வியை ஒதுக்குகிறோமோ என்று எனக்கு ஐயம் உண்டு.

உரிமைக் கல்வியைப் பள்ளியில் முறையாகக் கற்பிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கின்றது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வழக்கறிஞர் ஹென்றி திபேன் நடத்தி வரும் மக்கள் கண்காணிப்பகம் 1997-இல் சென்னைப் பகுதிப் பள்ளிகள் சிலவற்றில் மனித உரிமைக் கல்வியைத் தொடங்கிற்று. ஆறு, ஏழு, எட்டு ஆகிய வகுப்புகளுக்கு மூன்றாண்டுப் பாடத்திட்டம், அதற்கெனப் பாடநூல்கள், ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி. சில பள்ளிகளில் தொடங்கிய அம்முயற்சி பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் பரவி, வேறு பல மாநிலங்களுக்கும் சென்றது. மோனிஷா பஜாஜ் என்னும் கல்வி ஆய்வாளர் இதை ஆராய்ந்து 2012-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதியுள்ளார். பாடம் படித்த பிள்ளைகள் அக்கம்பக்கத்தில் நடக்கவிருந்த குழந்தைத் திருமணத்தைப் பற்றிப் பேசினார்கள், பள்ளியில் அடிப்பதைப் பற்றிக் கேட்டார்கள், வீட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் காட்டப்படும் வேற்றுமையைத் தட்டிக் கேட்டார்கள் என்ற செய்திகள் அதில் உள்ளன.

அதே ஆய்வு காட்டும் மற்றொரு பக்கத்தை நாம் மறைத்தல் ஆகாது. வசதியான வீட்டுப் பிள்ளை கேள்வி கேட்டால், “என் மகன் எவ்வளவு விவரமாகப் பேசுகிறான்!” என்று பெருமைப்படுவார்கள். ஏழைப் பிள்ளை, அதிலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை அதே கேள்வியைக் கேட்டால் அதற்கு அடி விழக்கூடும். ஆகவே உரிமையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, “போ, போய்க் கேள்” என்று பிள்ளையைத் தனியே அனுப்புவது வீரமன்று, பொறுப்பின்மை. எங்கே செல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், எந்தப் பெரியவர் உடன் வருவார் என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம் என்பது அடிப்படை உரிமைகள் ஆறின் பெயரைவிட ஒரு பத்து வயதுச் சிறுமிக்குப் பயனுள்ள பாடமாகும்.

எங்கள் பங்கு மன்றத்தில் மாலை வேளையில் இலவசப் பயிற்சி வகுப்பு நடைபெறுகிறது. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வருவார்கள். சனிக்கிழமைகளில் கணக்கையும் ஆங்கிலத்தையும் ஒதுக்கிவிட்டு ஒரு மணி நேரம் இப்படிப்பட்ட கதைகளைப் பேசுவோம். பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திவிட்டுத் தீர்ப்பைப் பிள்ளைகளிடமே கேட்பது என் வழக்கம். அவ்வாறு ஒரு நாள் கேரளத்துப் பிள்ளைகள் மூவரின் கதையைச் சொன்னேன்.

கோட்டயம் மாவட்டத்தில் பிஜோ என்ற சிறுவனும் அவன் தங்கையர் இருவரும் ஒரே பள்ளியில் படித்து வந்தனர். யெகோவாவின் சாட்சிகள் என்னும் சபையைச் சேர்ந்த குடும்பம். காலைக் கூட்டத்தில் நாட்டுப்பண் இசைக்கும்போது மூவரும் மற்றவர்களோடு எழுந்து மரியாதையாக நிற்பார்கள், பாடமாட்டார்கள். இறைவனை வேண்டுவது தவிர வேறு எந்தச் சடங்கிலும் பங்கெடுப்பது தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்பது அவர்கள் கொள்கை. 1985 சூலையில் இதைக் கண்ட சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சட்டமன்றத்திலேயே எழுப்பினார். விசாரணைக் குழு ஒன்று வந்தது. பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்று அறிக்கை தந்தது. ஆயினும் கல்வி அதிகாரியின் ஆணைப்படி சூலை 26-ஆம் நாள் தலைமையாசிரியை அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார். உயர் நீதிமன்றத்தில் இருமுறை தோல்வி.

இங்கே நிறுத்தினேன். “நீங்கள் நீதிபதியாக இருந்தால்?” என்றேன்.

பெரும்பாலோர், “பாடித்தான் ஆக வேண்டும், ஃபாதர்” என்றனர். நாட்டுப்பற்று என்றனர். எல்லைப் படைவீரர்களைப் பற்றி ஒருவன் உணர்ச்சியோடு பேசினான். நான் மறுக்கவில்லை. பிறகு கேட்டேன்: “சரி, நீங்கள் வேறு ஊருக்குப் போகிறீர்கள். அங்குள்ள பள்ளியில், உங்கள் சமயம் ஒப்பாத ஒரு வழிபாட்டைச் செய்தால்தான் வகுப்பில் அமரலாம் என்கிறார்கள். செய்வீர்களா?” வகுப்பு அமைதியாயிற்று. மறு வாக்கெடுப்பில் பாதிப் பேர் கட்சி மாறினர்.

1986 ஆகஸ்ட் 11-ஆம் நாள் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம். எம். தத்தும் தீர்ப்பளித்தனர். நாட்டுப்பண்ணை அனைவரும் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எழுந்து நின்றதே மரியாதை. பிள்ளைகளை நீக்கியது அவர்களது பேச்சுரிமைக்கும் மனச்சான்றின் உரிமைக்கும் எதிரானது. மூவரையும் மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் மரபும், நம் தத்துவமும், நம் அரசியல் சட்டமும் சகிப்பைப் போதிக்கின்றன, அதை நீர்த்துப்போகச் செய்யலாகாது என்ற கருத்தோடு அத்தீர்ப்பு முடிகின்றது. அச்சபையின் போதனைகள் பலவற்றை நாம் ஏற்பதில்லை. நம்மைப் பற்றி அவர்கள் சொல்வனவும் இனிமையானவை அல்ல. இருப்பினும் அவர்களுடைய பிள்ளைகள் வென்றெடுத்த இத்தீர்ப்பின் நிழலில் நம் பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் இந்துச் சிறுமி எழுந்தாள். எட்டாம் வகுப்பு. நம்மவர் நடத்தும் பள்ளி ஒன்றில் படிப்பவள். எங்கள் பள்ளியன்று, பெயர் வேண்டாம். “ஃபாதர், முதல் வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் எல்லாரும் சிற்றாலயத்துக்குப் போக வேண்டும் என்று வரிசையாக அழைத்துப் போகிறார்கள். எனக்குப் பிடிக்கும். பாட்டு நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லையே?”

அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவை அவள் படித்ததில்லை. அதன் பொருளோ அவள் வாயிலிருந்து அப்படியே வந்தது. அரசின் ஏற்பைப் பெற்ற அல்லது அரசுப் பணம் பெறும் கல்விக்கூடத்தில் பயிலும் எவரையும், அவரது இசைவின்றி, சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கச் செய்தல் கூடாது என்பதே அவ்விதி. சிறுபான்மையினர் பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கும் 30-ஆம் பிரிவை அறியாத பங்கு உறுப்பினர் நம்மில் இல்லை. ஆபத்து வரும்போதெல்லாம் மேடையில் அதை முழங்குகிறோம். இரண்டே எண்கள் முன்னால் இருக்கும் 28-ஐ எத்தனை பேர் அறிவோம்? பெரும்பாலான நம் பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வியும் தனித்தனியே நடைபெறுகின்றன என்பது உண்மை. அது நல்ல வழக்கம். வழிபாடுகள் என்று வரும்போது அந்தக் கவனம் தளர்ந்துவிடுகிறது.

இது சட்டத்துக்கு அஞ்சிச் செய்ய வேண்டிய காரியம் மட்டுமன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 திசம்பர் 7-ஆம் நாள் சமய சுதந்திரம் பற்றி வெளியிட்ட ஏட்டில், பெற்றோரின் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாத பாடங்களில் அவர்களின் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி அமரச் செய்வது பெற்றோரின் உரிமையை மீறுவதாகும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கின்றது. அதை எழுதியவர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனத்தில் கொண்டு எழுதவில்லை. ஆனால் எழுத்து எழுத்துத்தான்.

நம் நாட்டு வரலாற்றில் இதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. தாம்பரத்தாருக்கு அது இன்னும் நெருக்கமானது. 1948 திசம்பர் 6-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் சமய உரிமையைப் பற்றிய விவாதம் நடந்தது. சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமை இருக்கலாம், பரப்பும் உரிமை கூடாது என்று சிலர் கடுமையாக எதிர்த்தனர். லொயோலாக் கல்லூரியின் அதிபராயிருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அச்சபையில் உறுப்பினராக இருந்தார் என்பதை நம்மவர் பெருமையோடு கூறுவர். ஆனால் அன்று ‘பரப்பும் உரிமை’ நிலைக்க வேண்டும் என்று எழுந்து பேசியவர்களுள் ஒருவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. வைணவக் குடும்பத்தவர், பின்னாளில் நாட்டின் நிதியமைச்சர். அவர் கூறிய காரணம் என்ன தெரியுமா? ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் தாம் கிறிஸ்தவ நிறுவனங்களில் பயின்றதாகவும், தம்மைத் தம் சமயத்திலிருந்து மாற்ற அங்கு எந்த முயற்சியும் நடக்கவில்லை என்றும் சொன்னார். அவர் பயின்ற சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-இல் அது கிழக்குத் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது. நம் பிரிந்த சகோதரர்கள் நிறுவிய கல்லூரி அது. அங்கு ஓர் இந்து மாணவனின் மனச்சான்றை ஆசிரியர்கள் தொடாமல் விட்டனர். அம்மாணவன் வளர்ந்து, நற்செய்தியைப் பறைசாற்றும் நமது உரிமைக்கு நாட்டின் மன்றத்தில் சாட்சி சொன்னார். 25-ஆம் பிரிவில் இன்றும் நிற்கும் அந்த ஒரு சொல்லுக்கு நாம் பட்டிருக்கும் கடனில் ஒரு பங்கு, பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாத அந்த ஆசிரியர்களுக்கும் சேரும்.

இக்கதையை நான் அச்சிறுமியின் பள்ளித் தாளாளரிடம் சொன்னேன். அவர் என் குருமடத் தோழர். முதலில் சிரித்தார். “உம் வகுப்பால் எங்களுக்குத் தலைவலி” என்றார். பிறகு யோசித்தார். அடுத்த கல்வியாண்டு தொடங்கிய சூன் மாதத்தில் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு தாள் போயிற்று. ‘பள்ளி வழிபாடுகளிலும் மறைக்கல்வியிலும் என் பிள்ளை கலந்துகொள்ள இசைகிறேன், இசையவில்லை’ என்று இரண்டு வரிகள், ஒன்றில் கோடிட்டுக் கையொப்பமிட வேண்டும். பிற சமயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் விலகிவிடுவார்கள், சிற்றாலயம் வெறிச்சோடிவிடும் என்று ஆசிரியர் அறையில் பேச்சு இருந்ததாம்.

தாள்கள் திரும்பி வந்தன. அச்சிறுமியின் தாய் இசைவு தந்திருந்தார். அவளைப் போன்ற பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் அவ்வாறே. சிலர் மறுத்திருந்தனர், அந்தப் பிள்ளைகள் அந்த நேரத்தில் நூலகத்தில் அமர்கிறார்கள். எவரும் எதிர்பாராதது ஒன்றே: ‘இசையவில்லை’ என்ற வரியில் கையொப்பமிட்டவர்களுள் கத்தோலிக்கப் பெற்றோர் மூவரும் இருந்தனர். மறைக்கல்வி நேரத்தில் பிள்ளைக்குக் கணக்குப் பயிற்சி இருக்கிறதாம். மூவருள் இருவர் என் பங்கைச் சேர்ந்தவர்கள். தோழர் அத்தாள்களை என்னிடமே கொடுத்துவிட்டார். வரும் வாரம் அவ்விரு இல்லங்களையும் சந்திக்கச் செல்கின்றேன்.